எனக்குக் கேட்காமற்போன குருவி

காது கொடுத்துக் கேட்பதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டு. மனுசன், மாமி, பிள்ளைகள் என்று எல்லாருடைய கதையையும் சும்மா கேட்டே வயது போன உங்களுக்கு இதை நம்புவது கஷ்டம்தான்.

நாங்கள் குடிவந்த இந்தக் குளிர்நாட்டில், மார்க்கம் என்ற ஊரில் ஒரு சின்ன அலுவலகம். வடக்கே றோட்டே இல்லாத காடுகளில், மரங்களில் ஒலிப்பதிவுப் பெட்டிகளைக் கட்டிவிடுவார்கள். கோடை முழுக்க விடியற்காலைச் சத்தம் அதில் பதியும். பிறகு நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த இடத்தில் எந்தக் குருவி கத்தியது என்று குறிப்போம். எங்கே மரம் வெட்டலாம், எதை விடவேண்டும் என்று தீர்மானிக்கிறவர்களுக்கு அந்தக் குறிப்புப் போகும். நான் அங்கே கூட்டித் துடைக்கப் போனவள். கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய காது பழுதில்லை என்று என்னைக் கதிரையில் இருத்தியவள் கீர்த்தனா. என் மகளின் வயது, எனக்கு மேலதிகாரி.

மூன்று பியர்

குருவிகளின் குரலை மனதில் வைக்க, இங்கத்தையவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள். ஒரு குருவி பட்டமரத்து உச்சியில் இருந்து, 'கெதியா மூண்டு பியர்!' என்று கத்துமாம். கீர்த்தனா அதை ஆங்கிலத்தில் விசிலடித்தே காட்டினாள். வீட்டில் போத்தல் வாசமே படாத நான், பகல் முழுக்க மூன்று பியர், மூன்று பியர் என்று முணுமுணுத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்து மேசை ரஜனி ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, விரத நாள் வெள்ளிக்கிழமையில மட்டும் அந்தக் குருவியை என்னட்டைத் தந்துவிடுங்கோ."

கண்ணை மூடினால்

சத்தம் ஓடும்போது, திரையில் அதன் படமும் ஓடும். தாழ்ந்த குரல் கீழே, உயர்ந்த குரல் மேலே, கோடும் புள்ளியுமாக. எனக்கோ, நல்லதொன்றைக் கேட்டால் கண் தானாக மூடிவிடும். சந்நிதியில் நின்று பழகிய பழக்கம். "அன்ரி, ஸ்கிரீனையும் பாக்கவேணும், ப்ளீஸ்," என்று கீர்த்தனா எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! ஓம் பிள்ளை என்பேன். அடுத்த நிமிடம் கண் மூடியிருக்கும். ரஜனிதான் கேட்டாள்:

"அக்காக்கு முன்னால ஒரு கற்பூரம் கொழுத்தி வைக்கட்டே?"

மேலே போன புள்ளிகள்

சில வருடங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. ரஜனி வடை நீட்டினாள் என்று கண்ணைத் திறந்தேன். திரையின் உச்சியில் புள்ளிகள் வரிசையாகப் போகின்றன. என் காதிலோ மழைச் சத்தம் மட்டும். சத்தத்தைக் கூட்டினேன். மழைதான் கூடியது. ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். மாட்டியவள் துள்ளிப் போனாள்:

"ஐயோ அக்கா, கறுப்புத்தொப்பி! ஊசியால குத்துறமாதிரிக் கத்துது, உங்களுக்குக் கேக்கேல்லையே?"

வெள்ளிக்கிழமை போகவேண்டிய அறிக்கை

கறுப்புத்தொப்பிக் குருவி உள்ளங்கைக்குள் அடங்கும். தென்னமெரிக்காவிலிருந்து அவ்வளவு தூரமும் பறந்து, வடக்குக் காட்டில்தான் கூடு கட்ட வரும். குரல் மெத்த உயரம். வயது போனால் முதலில் காது கைவிடுவது அந்த உயரத்தைத்தானாம். அந்த வாரம், ஓர் ஏரிக்கரைக் காட்டைப் பற்றிய அறிக்கை போகவேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை கேட்டது வேறு காடு; இந்தக் காட்டின் கிழக்குக் கரைப் பதிவு முழுக்கக் கேட்டவள் நான். கறுப்புத்தொப்பி இல்லை என்று எழுதியவளும் நான். ரஜனியிடம் காதுக்குள் அடைப்பு என்று சமாளித்துவிட்டு, இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கதிரை போகும். சொல்லாவிட்டால், இவ்வளவு தூரம் வருகிற குருவிக்கு இறங்க மரம் இராது. கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

வியாழன் காலை கீர்த்தனாவிடம் போனேன். "பிள்ளை, அதை அனுப்பாதேங்கோ. எனக்கு உச்சச் சத்தம் கேக்கிறேல்லை. எப்ப துவங்கினதெண்டும் தெரியாது," என்றேன். அவளுடைய முகம் சிவந்தது. பிறகு போனை எடுத்தாள்:

"ரிப்போர்ட் லேற் ஆகுமெண்டு அவையளுக்கு நான் சொல்லுறன். நீங்கள் செய்த ஃபைல் எல்லாத்தையும் எடுங்கோ அன்ரி, எவ்ரி சிங்கிள் வன்."

கிழக்குக் கரை

கீர்த்தனாவும் ரஜனியும் திரும்பக் கேட்டார்கள். நான் நடுவில் இருந்து, கண் வெட்டாமல் திரையைப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. காற்று, நுளம்பின் ரீங்காரம், தூரத்தில் ஒரு தவளை. அடுத்த நாள் மத்தியானம் ரஜனி மேசையில் அடித்தாள்:

"அக்கா, ஆள் இருக்கிறார்! ஒரு நாளில்லை, ஒவ்வொரு நாளும் அதே மரத்தில இருக்கிறார்!"

வாசல் மேப்பிள்

கிழக்குக் கரையை வெட்டாமல் விட்டார்கள். எனக்கு ஆந்தையும் காட்டுக்கோழியும் மட்டும் தந்தாள் கீர்த்தனா, தாழ்ந்த குரல்காரர். பிறகு அதையும் விட்டுவிட்டேன். அந்த ஹெட்போனின் பஞ்சு வாசம்கூட இப்போதும் நினைவுக்கு வருகிறது. போன மே மாதம், அஜின்கோர்ட்டில் எங்கள் வாசல் மேப்பிள் மரத்தில் ஒரு கறுப்புத்தொப்பி வந்து இருந்தது. சொண்டு திறந்து திறந்து மூடியது. எனக்கு ஒரு சத்தமும் இல்லை. தேத்தண்ணீர் குடிக்க வந்த ரஜனியிடம், "கத்துறாரே?" என்று கேட்டேன்.

"கத்துறார் அக்கா. இன்னும் கனதூரம் போகவேணும், அந்த அவசரம் குரலிலயே தெரியுது."

இத்தனை வருடம் அந்தக் கதிரையில் இருந்து நான் பார்த்த ஒரேயொரு பெரிய வேலை, எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னதுதான்.