ஒருதரம் மட்டும் கேட்கிற ஊர்

எங்கள் ஹோட்டல் திரும்ப உயிர் பிடித்துவிட்டது என்பதை நான் முதலில் கண்டது குளியலறை வடிகாலில்தான். நான்காம் மாடியில் ஓர் அறை. வடிகாலின் மூடியில் ஒரு கொத்துப் பொன்னிற முடி சுருண்டு கிடந்தது. வேறு நாளென்றால் முகத்தைச் சுளித்திருப்பேன். அன்று அதைக் கையுறை விரலால் எடுத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒருத்தி இங்கே வந்து தங்கி, தலைமுழுகிவிட்டுப் போயிருக்கிறாள். இனி எங்களுக்கு வேலை உண்டு.

தொலைக்காட்சியில் அம்புக்குறி போட்டுக் காட்டியவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். ஒஸ்லோவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நினைத்ததைவிட வேகமாக எழுந்துவிட்டனவாம். ஹோட்டல்கள் நிரம்புகின்றனவாம், கடைகளில் கூட்டமாம். கழுத்துப்பட்டி கட்டாத ஒரு பொருளாதார நிபுணர், "நாங்கள் எல்லோரும் சேர்ந்து இதைக் கடந்து வந்துவிட்டோம்" என்றார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் எண்டால் ஆர்?" என்று கத்தியோடு திரும்பிக் கேட்டேன்.

என் கணவர் சத்தத்தைக் குறைத்தார். நான் யாரை நினைத்துக்கொண்டு கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

அவள் மட்டக்களப்புக்காரி. நான் திருகோணமலை. என்னைவிடக் கொஞ்சம் இளையவள், என்னை அக்கா என்பாள். நகர மையத்தில் ஒரே ஹோட்டலில் இருவரும் அறை துப்புரவு செய்தோம். எனக்கு மட்டும் மாடி மேற்பார்வை என்றொரு பட்டம் தந்திருந்தார்கள். அதனால் கட்டில் விரிக்கிற வேலை ஒன்றும் குறையவில்லை. பிறர் விரித்த கட்டிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காலையில் ஹவுகெட்டோ நிலையத்தில் ஒரே பெட்டியில் ஏறுவோம். இருக்கை கிடைத்ததும் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு ரொட்டியை நீட்டுவேன்.

"வேண்டாம் அக்கா, இப்பதான் சாப்பிட்டனான்" என்பாள்.

திரும்ப நீட்டுவேன். "உங்களுக்குப் போதாமல் போயிடும்" என்பாள். "பிடி எண்டுறன்" என்று மூன்றாம் தரம் அதட்டினால் வாங்கி, நகரம் வருவதற்குள் முடித்துவிட்டு விரலையும் நக்குவாள். அவளுக்குப் பசி என்று எனக்கு முதலிலேயே தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். கேட்டவுடன் ஓம் என்று சொன்னால் சாப்பாட்டுக்கு அலைஞ்சவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் எங்கள் ஆட்களுக்கு வயிற்றிலேயே இருக்கிறது. முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனதாரத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. அதற்குப் பிறகு வருவதுதான் பதில்.

நோர்வேக்காரருக்கு இது விளங்காது. ஒருதரம் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சொன்ன சொல்லை நம்புவது அவர்களுடைய மரியாதை. அதையும் குறை சொல்ல முடியாது.

அவள் வேலைக்கு வந்த புதிதில் எங்கள் மேலாளர் தன் பிறந்தநாளுக்குக் கேக் சுட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனுஷி, ஐம்பது தாண்டியவர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். தட்டை அவளிடம் நீட்டினார். இவள் வழக்கம்போல் நன்றி, வேண்டாம் என்றாள். மேலாளர் சிரித்தபடி தட்டை அடுத்தவரிடம் கொண்டுபோய்விட்டார். கேக் போன திசையை அவள் பார்த்த பார்வையைக் கண்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இஞ்சை முதல் தரமே ஓம் எண்டு சொல்லவேணுமடி. இது ஒருதரம் மட்டும் கேக்கிற ஊர்" என்றேன்.

"எனக்கு வாய் வருகுதில்லை அக்கா" என்று அவளும் சிரித்தாள். கடைசிவரை அவளுக்கு வாய் வரவில்லை. அது மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு அந்த நோய்க்காலம் வந்தது. எல்லைகள் மூடப்பட்டன, விமானங்கள் நின்றன, ஹோட்டலும் வெறிச்சோடியது. எங்களையெல்லாம் ஒரே நாளில் பெர்மித்தேர்ட் ஆக்கினார்கள். அதாவது வேலையை விட்டு நீக்கவில்லை, வீட்டில் இருங்கள், வேலை வந்ததும் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிடுவது. அரசாங்கம் கொஞ்சம் பணம் தரும், பட்டினி இல்லை. கூப்பிடும்போது, பொதுவாக முதலில் சேர்ந்தவருக்கு முதல் அழைப்பு.

எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் அது பெரிய இடி. அவளுடைய கணவர் மட்டக்களப்பில் இருந்தார். கலியாணம் கட்டி இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தவள். அவரை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் அவளுக்கு நிரந்தர வேலையும் போதிய வருமானமும் இருக்கவேண்டும். கைக்கு எட்டுகிற நேரத்தில்தான் ஹோட்டல் மூடியது. "வயசு போகுதக்கா" என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள். பிள்ளை என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

முதலில் கூப்பிட்டது என்னை. அப்போதும் விருந்தினர் இல்லை. ஆளில்லாத அறைகளில் குழாய்த் தண்ணீர் தேங்கிப் பழுதாகாமல் மாடி மாடியாக ஏறி எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு மூடுவதுதான் வேலை. கம்பளம் விரித்த நடைகூடத்தில் என் காலடிகூட எனக்குக் கேட்காது. அந்த வெறுமையிலும் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கொஞ்சக் காலத்தில் விமான நிலைய ரயிலில் சூட்கேஸ்கள் தென்படத் தொடங்கின. அந்தப் பொன்னிற முடியும் வந்தது. மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இன்னும் ஒருவரை எடுக்கலாம் என்றார். அடுத்த முறை அவளுடையது. என் முன்னாலேயே அழைத்து, அவள் குரலை நானும் கேட்கட்டும் என்று தொலைபேசியை மேசைமேல் வைத்தார்.

"திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர விருப்பமா?"

அவள் மூச்சு எடுப்பது கேட்டது. துள்ளுவாள் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அவளுக்குப் பழக்கம்தான் முன்னே வந்தது.

"மிக்க நன்றி. ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களும் காத்திருக்கிறார்களே, அவர்களை முதலில் கூப்பிடுங்கள். நான் எப்படியும் சமாளிப்பேன்" என்று நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

மேலாளரின் கண் கலங்கிவிட்டது. உன்னைப் போன்றவர்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உண்மையாகத்தான் சொல்கிறாளா? உனக்கு அவளை நன்றாகத் தெரியுமே."

இத்தனை வருடத்தில் அந்த மனுஷி ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் கேட்டு நான் கண்டது அன்றுதான். அதையும் அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

அவளுக்கு அடுத்த முறை, அதே ஹோட்டலில் எங்களோடு வேலைசெய்த என் கணவரின் தங்கைக்கு, என் மச்சாளுக்கு. மச்சாளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளுடைய மனிசன் ஓட்டிய டாக்சி விமான நிலையத்தில் பயணிகளில்லாமல் நின்றது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதுதான் என் கணவர், "தங்கச்சிக்கு ஒரு வார்த்தை கதைச்சுப் பாரன்" என்றிருந்தார். நான் கதைக்கவில்லை. கதைக்கத் தேவையும் வரவில்லை.

"யா" என்றேன். நோர்வேயில் ஓம் என்பதற்கு அதுதான். அந்த ஒரு சொல்தான் நான் சொன்னது.

அதில் பொய் இல்லை என்று அன்று ரயிலில் எனக்கு நானே வாதாடினேன். அவள் வாயால் சொன்னதைத்தானே நானும் சொன்னேன்? மச்சாளின் பிள்ளைகள் பிள்ளைகள் இல்லையா? எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ரொட்டிப் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் அவள் அழைத்தாள். ஊர்க்கதை, மழைக்கதை எல்லாம் கதைத்துவிட்டுக் கடைசியில் மெல்லக் கேட்டாள்.

"மேலாளர் ஒண்டும் சொல்லேல்லையோ அக்கா? திரும்ப எடுப்பாவோ?"

இரண்டாவது அழைப்புக்காகத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். அப்போதுகூட நேரம் இருந்தது. மச்சாளின் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. ஓடிப்போய் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"எனக்குத் தெரியேல்லையடி" என்றேன்.

இன்னொரு அழைப்பு வரவில்லை. திரும்பவும் ஊரடங்கு, திரும்பவும் வெற்று அறைகள். கூப்பிடாமல் மிச்சம் விட்டிருந்தவர்களை ஹோட்டல் கடைசியில் வேலையிலிருந்தே நிறுத்திவிட்டது. அவள் ஸ்ட்ரோம்மனில் உள்ள பெரிய கடைத்தொகுதியில் துப்புரவு வேலைக்குப் போனாள். கூப்பிட்டால் மட்டும் போகிற வேலை. சில கிழமைகளில் தினமும் கூப்பிடுவார்கள், சில கிழமைகளில் கூப்பிடவே மாட்டார்கள். அப்படிப்பட்ட வருமானத்தைக் காட்டி கட்டின மனிசனைக் கூப்பிட முடியாது. வாடகைக்காக ரொம்சோஸில் இன்னொரு குடும்பத்தோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டாள். அவளுடைய கணவர் காத்திருந்து களைத்துக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

விஷயத்தை அவளுக்குத் தெரியப்படுத்தியது என் மச்சாள்தான், அதுவும் நல்ல எண்ணத்தில். ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழா. மண்டபத்தில் எல்லோரும் தட்டும் கையுமாக நிற்க, மச்சாள் என் தோளைக் கட்டிப்பிடித்து, "மச்சாள்தான் எனக்காகக் கதைச்சவ, இல்லாட்டி நாங்கள் நடுத்தெருவிலை" என்று உரக்கச் சொன்னாள். நான் கதைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் இரண்டு பேர் தள்ளி அவள் நிற்பதைக் கண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தட்டில் இருந்த பிரியாணியைத் தொடர்ந்து சாப்பிட்டாள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது ஹோட்டல் நிரம்பி வழிகிறது. வேலைக்கு ஆள் கிடைக்காமல் மேலாளர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். போன மாதம் என்னிடம், "உன் சிநேகிதியைக் கேட்டுப் பாரேன். முழுநேரம், நிரந்தரம்" என்றார். நான் அன்றைக்கே சுரங்க ரயிலில் ரொம்சோஸுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் பிழையைச் சரிசெய்யப் போகிறேன் என்ற நினைப்பு. வெட்கமில்லாமல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கதவைத் திறந்ததும், "வாங்கோ அக்கா" என்றாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. சமையலறை மேசையில் இருத்தினாள். குடிக்கிறீங்களோ என்று கேட்கவில்லை, பால்தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து முன்னால் வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் அக்கா" என்றாள்.

எனக்குத் தெரிந்த வேண்டாம்தானே என்று சிரித்தேன். "முழுநேரமடி. நிரந்தரம். அவரைக் கூப்பிடலாம்."

"வேண்டாம் அக்கா. எனக்கு இஞ்சை வயோதிபர் இல்லத்திலை வேலை சரிவந்திட்டுது. போன கிழமைதான் நிரந்தரமாக்கினவை. அவருக்கும் எழுதிப்போட்டிருக்கிறன். இனித்தான் பாக்கவேணும், அவருக்கு வரவும் விருப்பம் இருக்கோ எண்டு."

நான் நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, பழைய இடம், பழகின ஆட்கள், சம்பளமும் கூட, திரும்ப ஒன்றாக ரயிலில் போகலாம் என்று ஏதேதோ சொன்னேன். நான் கெஞ்சிக்கொண்டிருந்தது அவளுக்காக இல்லை என்பது எனக்கே கேட்டது.

அவள் கையை இழுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டு தரம் கேட்டிட்டீங்கள்" என்றாள். "அண்டைக்கு இன்னும் ஒருக்கா கேட்டிருந்தால் போதுமக்கா."

அவள் குரலில் சூடில்லை. என்னால் தலை நிமிர்த்த முடியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன், ஆனால் அதையும் மூன்று தரம் கேட்டுவிடுவேனோ என்று வாய் அடைத்துக்கொண்டது. கீழே யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள். முன்னால் இருந்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். நாக்கு சுட்டது.

அவள் எழுந்து கேத்தலை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடட்டோ?"

"ஓம்" என்றேன், அவள் கேட்டு முடிக்கும் முன்பே. இரண்டாம் தரம் கேட்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.