தம்பியின் நாய்களோடு வேலூருக்குப் போன சனிக்கிழமை

கர்த்தருக்குள் என் பிரியமானவர்களே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் என் தம்பியைச் சுகப்படுத்தவில்லை. அப்படி ஒரு சாட்சியைக் கேட்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர்கள் பிறகு ஏமாந்து போக வேண்டாம். அன்பு போய்விட்டான். நாற்பத்தாறு வயது. நாமெல்லாரும் சேர்ந்துதான் அவனை மண்ணில் வைத்தோம். அப்படியும் இங்கே நின்று ஸ்தோத்திரம் சொல்கிறேன் என்றால் எனக்குப் புத்தி பிசகிவிடவில்லை. சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும், அதனால்தான் நிற்கிறேன்.

நாங்கள் கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். பெரியவள் எஸ்தர் அக்கா, கல்யாணமாகி வேலூரில் இருக்கிறாள். நடுவில் நான். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, பாலகாட் லைன் லில்லி, வாய் கொஞ்சம் நீளம். கடைக்குட்டி அன்பு. அப்பா அம்மா போன பிறகும் இங்கே ஸ்கெலட்டனில், அப்பாவுக்குச் சுரங்கத்தில் கொடுத்த லைன் வீட்டிலேயே தனியாக இருந்தான். விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போவான், இருட்டின பிறகு வருவான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். தெருவில் கிடந்த இரண்டு குட்டிகளைத் தூக்கி வந்து டைகர், ஜூலி என்று பேர் வைத்து வளர்த்தான். "உனக்குப் பொண்ணு பாக்கட்டுமாடா?" என்று கேட்டால், "ஜூலி ஒத்துக்கணுமே அக்கா" என்பான்.

போன வருஷம் மழைக்காலத்தில் வயிற்று வலி என்று ஆரம்பித்தது. புற்றுநோய் என்று சொன்னார்கள். வைத்தியத்துக்காக வேலூரில் அக்கா வீட்டிலேயே தங்கினான். நாய்கள் இரண்டும் என்னிடம் வந்தன. நீங்கள் எல்லாரும் அவனுக்காக உபவாசம் இருந்தீர்கள். வீடு வீடாகக் கூடி ஜெபித்தீர்கள். நானும் கத்தினேன், அழுதேன், ஆண்டவரிடம் சண்டை போட்டேன். ஜூன் மாதம் டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தம்பி போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பசங்க எப்டிக்கா கீறாங்க? ஒரு வாட்டி இட்டுகினு வாயேன்."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நீ சுகமாயி எழுந்து வந்து நீயே பாப்படா." ஒவ்வொரு முறையும் இதையே சொன்னேன். நாய்களை அங்கே கொண்டுபோனால் அவன் இனி வரமாட்டான் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். அது அவிசுவாசம் என்று நினைத்தேன். உங்களில் சிலரும் அதைத்தான் சொன்னீர்கள். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நாமெல்லாரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். சாவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஜெபம் கெட்டுப்போகும் என்று.

என் வீட்டுக்காரர் தாஸ் பேசுவதே அபூர்வம். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவன் கேக்கறது நாய. அத்தக் கூட ஏன் குடுக்க மாட்டேன்ற?"

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கே நின்று அழுதேன். மறுநாள் காலையில் எங்கள் பழைய ஆம்னியில் இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பேத்தமங்கலா தாண்டி, வி.கோட்டா தாண்டி, பேரணாம்பட்டு மலைப்பாதையில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு டைகருக்கு வயிற்றைப் புரட்டியது. சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டான். ஓரமாக நிறுத்தச் சொல்லி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தேன்.

கயிறு கட்டவில்லை. கயிறே எடுத்து வரவில்லை. நம் லைன்களில் நாயை யார் கட்டி வைக்கிறார்கள்? ஒரு வீட்டில் படுக்கும், நாலு வீட்டில் தின்னும், பொழுது சாய்ந்தால் தானாக வந்துவிடும். கதவைத் திறந்துவிட்டால் இறங்கும், வேலை முடிந்தால் ஏறும் என்று அந்த நினைப்பிலேயே திறந்துவிட்டேன்.

எதிரே சாலையோரக் கட்டைச்சுவரின் மேல் வரிசையாகக் குரங்குகள். ஜூலி அவற்றைப் பார்த்ததுதான் தாமதம், என் காலுக்கு நடுவில் பாய்ந்து, சுவரைத் தாண்டி, சரிவில் இறங்கிவிட்டாள். குரங்குகள் மரத்தில் ஏறிக்கொண்டன. கீழே முட்புதர் அசைந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"ஜூலி! கம் ஜூலி! கம் ஹியர்!" என்று கத்தினேன். நமக்கு நாயோடு இங்கிலீஷில் பேசித்தானே பழக்கம். தாஸ் சரிவில் பாதி தூரம் இறங்கி, சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏறி வந்தார். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒருவர், இந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாய் என்றால் அதற்கு உயிர், ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது.

அக்காவிடமிருந்து போன் வந்தது.

"எங்கடி கீறீங்க? காலைலருந்து கதவையே பாத்துகினு கீறான். கஞ்சி கூட வேணாம்னுட்டான். பசங்க வந்து சாப்புடறேன்றான்."

நான் உடைந்துபோய் ஜூலி ஓடிப்போனதைச் சொல்லிவிட்டேன். "அவங்கிட்ட சொல்லாதக்கா" என்று கெஞ்சிவிட்டு போனை வைத்தேன்.

டைகரோடு மட்டும் போய்விடலாம் என்றார் தாஸ். நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால் இன்னொன்று எங்கே என்றுதானே முதலில் கேட்பான். சாகக் கிடக்கிறவனிடம் எந்த வாயால் சொல்வது? வண்டிப் படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த ஜெபம் உங்கள் முன் சொல்லக்கூடிய ஜெபம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். "ஆண்டவரே, என் தம்பியைக் கேட்டேன், தரமாட்டேன்னுட்ட. போகட்டும். ஒரு நாயைக் கூடவா தரமாட்ட? அவன் என்ன ராஜ்யமா கேட்டான்?" இவ்வளவுதான். ஸ்தோத்திரம் இல்லை, ஆமென் கூட இல்லை. வெறும் அழுகை.

போன் மறுபடி அடித்தது. அக்கா என்று நினைத்து எடுத்தேன். அன்பு.

"அக்கா, ஜூலி ஓடிப் பூட்டாளா?"

அக்கா என்னோடு பேசியதைப் படுக்கையிலிருந்தே கேட்டுப் புரிந்துகொண்டிருக்கிறான். அவன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னான்.

"கத்தாதக்கா. கத்தினா திட்டறாங்கன்னு வரமாட்டா. தட்ட அடி. அப்பா அடிப்பாரே, கேஜ் மணி மாதிரி."

எங்கள் அப்பா சுரங்கத்தில் ஷாஃப்ட் குழி வாயில் மணி அடிக்கிற வேலையில் இருந்தார். ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜுக்கு அந்த மணிதான் பாஷை. ஏற்று, இறக்கு, நிறுத்து, எல்லாம் அடிக்கிற கணக்கில்தான். வீட்டில் சோறு ஆனதும் அதே கைப்பழக்கத்தில் கரண்டியால் தட்டை அடிப்பார். விட்டு விட்டு இரண்டு, சேர்த்து மூன்று. லைனில் எந்தக் கோடியில் விளையாடிக்கொண்டிருந்தாலும் நாங்கள் மூன்று பேரும் ஓடி வருவோம். அன்பு அதை நாய்களுக்குப் பழக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. என் வீட்டில் நான் சோற்றை வைப்பேன், அவை தின்னும், அவ்வளவுதான்.

டிபன் கேரியரைத் திறந்து மூடியை எடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டிப் படியில் வைத்துவிட்டு, கரண்டியால் அடித்தேன்.

"வேகமா அடிக்கற," என்றான் போனில். "அப்பா மாதிரி நிதானமா."

நிதானமாக அடித்தேன். மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. போவோர் வருவோரெல்லாம் வண்டியை மெதுவாக்கி என்னை வேடிக்கை பார்த்தார்கள். டைகர் காதை நிமிர்த்திக்கொண்டு குரைக்க ஆரம்பித்தான். அன்பு போனை வைக்கவே இல்லை. இருமுவான், நிறுத்துவான், "அடிக்கா, அடிக்கா" என்பான். எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. மூடி சொட்டையாகிப் போனது.

கீழே புதர் அசைந்தது. ஜூலி வந்தாள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, காது கிழிந்து, உடம்பெல்லாம் முள். சுவரில் ஏற முடியாமல் நின்று குரைத்தாள். தாஸ் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குரைப்பு போனில் அன்புவுக்குக் கேட்டுவிட்டது. அவன் அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சின்ன வயதில் பம்பரம் தொலைந்து கிடைத்தால் அழுவானே, அதே அழுகை.

மத்தியானத்துக்கு மேல் அக்கா வீடு போய்ச் சேர்ந்தோம். அவனைப் பார்த்து நான் மிரண்டு போனேன். பாய் எது, பிள்ளை எது என்று தெரியாதபடி ஒட்டிக் கிடந்தான். டைகருக்கு அடையாளமே தெரியவில்லை. மருந்து வாடை போலிருக்கிறது, வாசலில் நின்று உறுமினான். அன்பு முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்கிற சக்தி எனக்கு இல்லை. ஜூலிதான் நொண்டிக்கொண்டே உள்ளே போய், அவன் கையை மோந்து பார்த்து, பாயில் ஏறி அவன் வயிற்றோடு ஒட்டிப் படுத்துவிட்டாள். அவன் கை அவள் காதைத் தடவுவதைப் பார்த்த பிறகுதான் டைகரும் போனான். போனவன் அன்பு முகம் முழுக்க நக்கிவிட்டான்.

அன்பு சிரித்தான். அக்கா ரசம் சோறு பிசைந்து கொடுத்தாள். ஒரு வாய் நாய்க்கு, ஒரு வாய் தனக்கு என்று ஊட்டிக்கொண்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் தொண்டையில் சோறு இறங்கியது. ஜூலியின் உடம்பிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்து அக்கா கையில் கொடுத்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் கூடப் பிறந்த நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு பாயிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தோம். அன்பு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, நீ எனக்கு சுகம் கேட்டுகினே இரு. வேணாம்னு சொல்லல. ஆனா இன்னிக்கு எனக்கு ஒரு கொறையும் இல்லக்கா."

நாய்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் போய்விட்டான். அவன் போகும்போது இரண்டும் அவன் பக்கத்தில்தான் படுத்திருந்தன என்று அக்கா சொன்னாள்.

அடக்கம் முடிந்ததிலிருந்து உங்களில் சிலர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தெரியும். அவ்வளவு ஜெபித்தும் இப்படி ஆகிவிட்டதே, இவளிடம் என்ன பேசுவது என்று ஒதுங்கிப் போகிறீர்கள். ஒதுங்காதீர்கள். உங்கள் உபவாசம் வீணாகவில்லை. நான் பெரியதைக் கேட்டேன், அவர் தரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டேன். இன்றைக்கும் விடியற்காலை ரயில் கூவினால் அன்பு ஏறியிருப்பான் என்று நினைத்துவிட்டு, பிறகு படுத்தபடியே அழுகிறேன். ஆனால் அந்த மலைப்பாதையில் ஸ்தோத்திரம் கூடச் சொல்லாமல் சண்டை போட்டவளின் வார்த்தையை அவர் கேட்டார். பதிலை என் தம்பி வாயிலேயே வைத்து அனுப்பினார். இதற்கு நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் ஸ்தோத்திரம் சொல்வேன்.

முன்பெல்லாம் ஆண்டவர் இன்னதைத்தான் செய்ய வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டு ஜெபிப்பேன். இப்போது அப்படி இல்லை. நம் லைன்களில் நோயில் படுத்திருக்கிறவர்களிடம் போய் உட்கார்கிறேன். முதலில், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருப்பார்கள். ஒரு ஆளைப் பார்க்கணும் என்பார்கள், ஒரு இடத்தைப் பார்க்கணும் என்பார்கள். சுகமானதும் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். ஆண்டவரை நம்பி இன்றைக்கே கிளம்புங்கள். ஜெபம் போகிற வழியில் பண்ணிக்கொள்ளலாம்.