நொல்வென் சிரிக்காத நான்கு மாதம்

பிரெஞ்சுக் கடற்கரை ஊரான கொங்கார்னோவின் சந்தையில் என் முட்டைக் கடைக்கு அடுத்தது நொல்வெனின் மீன் கடை. பாதிச் சனம் மீனுக்கு வரும், மீதி அவள் சிரிப்பைக் கேட்க வரும். அவளைச் சிரிக்க வைப்பவன் புருஷன் எர்வான். அவனிடம் இருப்பது மொத்தமே ஆறு ஜோக். ஆறும் கல்யாணத்துக்கு முந்தியவை.

இரண்டாவது குழந்தை பிறந்து கடைக்குத் திரும்பியவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். எர்வான் தன் 'பாதிரியாரும் நண்டும்' ஜோக்கை ஆரம்பித்தாலே, ஐஸ் எடுத்து வருகிறேன் என்று நழுவினாள். அவனுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

"அவளுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சு போல," என்றான் என்னிடம்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"சிரிச்சா ஒண்ணுக்குக் கசிஞ்சு நனைஞ்சுடுதுக்கா," என்றாள் மெதுவாக. "ரப்பர் ஏப்ரன் போட்டிருக்கறதால யாருக்கும் தெரியல."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அதையே ஏழாவது ஜோக்கா ஆக்கிடுவான்."

எங்கள் நாட்டில் பிள்ளை பெற்றவளுக்கு, இடுப்பைக் கீழிருந்து தாங்கும் தசைக்கென்று மருத்துவச்சியிடம் பத்துத் தடவை போய்ப் பயிற்சி எடுக்க எழுதித் தருவார்கள். இவள் அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நானும் அந்தக் காலத்தில் நான்கோடு நின்றவள்தான். இன்றைக்கும் தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறேன். அதனாலேயே அவளை விடாமல் நச்சரித்து அனுப்பினேன்.

மருத்துவச்சி மதாம் கெர்மரெக் முதல் நாளே தவறைப் பிடித்துவிட்டாள். இறுக்கச் சொன்னால் நொல்வென் புருவத்தைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, கீழ்நோக்கி முக்கினாள்.

"முக்காதீங்கம்மா. மூச்ச விட்டுக்கிட்டே உள்ள, மேல இழுங்க."

ஐந்தாவது தடவையில் அது கைவந்தது. அடுத்ததாக, இருமவோ சிரிக்கவோ போகும் ஒரு நொடி முன்னால் இழுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"சிரிப்பு எப்ப வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மதாம் எங்கள் சந்தையில்தான் மீன் வாங்குகிறவள். "உங்க வீட்டுக்காரர் ஜோக்குதானே? முடிவு ஊருக்கே தெரியுமே. அதுலயே பழகுங்க."

அப்படிப் பழக வேண்டுமானால் அவனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்று மாலை சொன்னாள். எர்வான் ஜோக் அடிக்கவில்லை. "நான் என்னென்னமோ நெனச்சுட்டேனே," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டானாம்.

மறுநாளிலிருந்து கடையில் புதுக் கூத்து. ஜோக்கின் முடிவு வரும்போது எர்வான் நிறுத்தி, "தயாரா?" என்பான். அவள் ஒரு நொடி கழித்துத் தலையாட்டுவாள். அதுவரை வாங்க வந்தவர்கள் மீனும் கையுமாகக் காத்திருப்பார்கள். அவளும் அளந்து, சின்னதாகச் சிரிப்பாள். அது பழைய சிரிப்பில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மருத்துவச்சியிடம் ஒன்பதாவது தடவைப் பயிற்சி முடிந்த வெள்ளிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். எர்வான் மீன் பெட்டியைக் கையில் ஏந்தியபடி, முகம் சிவந்து, கண் பிதுங்க நின்றான்.

"என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?" என்று பதறினாள் நொல்வென்.

"இல்ல. நீ செய்றத நானும் செஞ்சு பாக்கறேன். காது மட்டும்தான் அசையுது."

நொல்வென் வெடித்துச் சிரித்தாள். தயாராக நேரமே இல்லை. தராசைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு முட்ட, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். நான் முட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்தாள். "ஒண்ணும் ஆகலக்கா."

எர்வானுக்கு அது கேட்டுவிட்டது. பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், அத்தனை பேர் எதிரிலும் அழுதுகொண்டு நின்றான்.