கான் தண்ணீர்க் கீரை

சிகாமட் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து உள்ளே போனால் நாங்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டம். ரப்பர் விலை விழுந்து கூலியைக் குறைத்த காலத்தில் எங்கள் துரைக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கிடந்த பள்ள நிலத்தை ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து, கீரை போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார். தண்ணீருக்கும் வழி சொன்னார். மேட்டில் மரங்களுக்கு நடுவே மழைத்தண்ணீர் வடிய வெட்டிய கான்களெல்லாம் கீழே வந்து ஒரே பெரிய கானாகச் சேரும். பால் உறைய வைக்கும் ஸ்டோரைக் கழுவிய புளித்த தண்ணீரும் அதில்தான் விழும். அதைப் பலகையால் மறித்துவிட்டு, தேங்கியதை டின்னில் மொண்டு ஊற்றச் சொன்னார்கள்.

"வீணா ஆத்துக்குப் போற தண்ணி. மரத்துக்குப் போட்ட உரமெல்லாம் அதுலதான் கரைஞ்சு வருது. உங்களுக்கு யோகம்தான் போ!" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. அவர் வீட்டுக் கொல்லையில் தனிக் கிணறு இருந்தது. யோகம் எங்களுக்கு மட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டார்.

எனக்குக் கிடைத்த பாத்தி கானை ஒட்டியே இருந்தது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். பால் டின் வாங்க வழியில்லை. அந்தப் பாத்திக் கீரையை மசித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டித்தான் அவளை வளர்த்தேன்.

முதல் பறிப்பை எங்கள் கங்காணிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. அவர் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று, "கைராசிக்காரி" என்று சொல்வார். வாங்காமல் போனால் கொடுத்தவளை ஊர் பார்க்க அவமானப்படுத்தியதாக அர்த்தம். மீசை முறுக்குவதைத் தவிர வேறு வேலை தெரியாத அந்த மனிதருக்கு இலை மெல்லும் உத்தியோகம் ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

அந்த வருஷம் மேட்டில் லாலான் புல் ஆள் உயரம் வளர்ந்தது. வெட்ட ஆள் போட்டால் கட்டாது என்று மருந்து அடிக்கச் சொன்னார்கள். லாலான் கருகியது. பிறகு நல்ல மழை பெய்தது. மழை ஓய்ந்ததும் கான் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். என் கீரை நுனி கருகத் தொடங்கியது. மற்றவர்கள் பாத்திகள், கான் தண்ணீர் மண்ணுக்குள் ஊறி வராதபடி கொஞ்சம் தள்ளி இருந்ததால் அவ்வளவாகப் பாழாகவில்லை.

கங்காணி வந்து பார்த்தார். கானைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"தீட்டோட கான்ல எறங்கியிருக்கே. அம்மனுக்குக் கோவம் வந்துடுச்சு. ஆடு வெட்டணும். இல்லேன்னா இந்தப் பாத்திய என் தம்பி பொண்டாட்டிக்குக் குடுத்துடுவேன், ஆமா!"

"நான் அப்படி எறங்கலீங்கய்யா."

"பொம்பள சொல்றத யாரு நம்புறது?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் எச்சில் ஒழுகிவிடுமே, பாவம்!

லயத்தார் எல்லாரும் சேர்ந்து ஆடு பிடித்தார்கள். கொழுக்கட்டும் என்று கங்காணியே அதைக் கான் கரையில் கட்டிவைத்தார். அது மருந்து பட்ட புல்லை ஆசையாக நக்கித் தின்றது. கான் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பூசை. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் ஆடு உடம்பை உலுக்கினால் அம்மன் சம்மதித்தாள் என்று பொருள். இந்த ஆடோ தண்ணீர் தெளிக்கும் முன்பே உலுக்கத் தொடங்கிவிட்டது. "ஆத்தா ஏத்துக்கிட்டா!" என்று கூட்டம் கும்பிட்டது. கங்காணி கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டார். ஆடு உலுக்குவதை நிறுத்தவே இல்லை. காலை உதைத்தது, நுரை தள்ளியது, கத்தி படுவதற்கு முன்பே செத்து விழுந்தது.

"சாமியே நேரா எடுத்துக்கிச்சு" என்றார் கங்காணி. என்ன சாமர்த்தியம்!

செய்தி கேட்டுத் துரை வந்தார். ஆட்டைப் பார்த்தார், கானைப் பார்த்தார், கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணி கங்காணியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். ஆட்டைத் தின்னாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார்கள். சாமி எடுத்ததைத் தின்னக்கூடாதாம். எங்களுக்குச் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

மறுநாள் கங்காணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "தீட்டு கழிஞ்சிருச்சு புள்ள. பாத்தி ஒனக்குத்தான். நல்லாப் பறிச்சுச் சாப்பிடு." அவர் தம்பி பெண்டாட்டிக்கு அது வேண்டாமாம். அதற்குப் பிறகு சில நாளாகத் துரை பங்களா சமையல்காரர் வழக்கம்போலக் கீரை கேட்டு வரவில்லை. கங்காணியின் மனைவி சைக்கிளில் வரும் சீனரிடம் முட்டைக்கோஸ் வாங்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. பாத்தி எனக்கு வேண்டும் என்று எத்தனை நாள் அழுதேன்! இப்போது தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

அடுத்த நாள் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது, ஒரு கட்டுக் கீரையைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன்.

"கங்காணிய்யா, தீட்டு போனப்புறம் மொதப் பறிப்பு. ஒரு எலை வாயில போட்டு, நல்ல வார்த்த சொல்லுங்க."

"அப்பறமா வீட்ல குடு."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குங்களே. எல்லாரும் பாக்குறாங்க."

ஓர் இலையைக் கிள்ளினார். அதைப் பார்த்தார். கிராணியைப் பார்த்தார். கிராணி வானத்தைப் பார்த்தார். வரிசையிலிருந்து ஒரு பெண், "மெல்லுங்கய்யா, சாமியே எடுத்துக்கிட்ட எடத்துக் கீரை!" என்று கத்தினாள். அந்த முறுக்கு மீசை வியர்த்து ஒட்டிக்கொண்டது. இலை கீழே விழுந்தது.

"போ, போ, வேலைக்கு நேரமாச்சு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பால் வாளிகளை அங்கேயே வைத்துவிட்டுப் பாத்திகளுக்கு ஓடினார்கள். வேரோடு பிடுங்கி எறிந்ததில் சாயங்காலத்துக்குள் பள்ளத்தில் ஒரு கீரைத் தண்டு நிற்கவில்லை. கான் மட்டும் எப்போதும்போல ஓடியது; அதைத் திருப்பிவிட ஒருவரும் வரவில்லை.

என் மகள் வயிற்றுவலியில் ரொம்ப நாள் கிடந்து, எப்படியோ தேறினாள். அந்தக் கங்காணியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். தீட்டு என்று சொன்னதற்காக அல்ல. ஆட்டைப் புதைத்த மறுநாள் சாயங்காலம் எங்கள் வாசல் வழியே போனவர், என் மகள் கன்னத்தைக் கிள்ளி, "என்னம்மா, இன்னிக்கும் கீரைச் சோறா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். "சாப்பிடு, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.