ஆட்டம் நின்ற பாலம்

நேற்று மருமகள் சந்தையிலிருந்து ஒரு புது மண்சட்டி வாங்கி வந்தாள். விரலால் சுண்டினேன். பொத்தென்றது. "கீறல் சட்டி புள்ள, குடுத்துட்டு வேற எடு" என்றேன். ஒரு சட்டிக்கா இவ்வளவு கோபம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சட்டிமேல் எனக்கென்ன கோபம்?

அந்தச் சத்தம் என்னைச் சண்டைக்காலத்துக்கு முந்திய எங்கள் மரப்பாலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வாவி குறுகுகிற இடத்தில், அக்கரையான படுவான்கரைக்குப் போகிற பாலம். வெயிலில் தார் மணக்கும். ஒரு வண்டில் போனால் போதும், பலகையெல்லாம் விறுவிறுவென்று அதிரும்; வண்டில் கரையேறிய பிறகும் அதிர்வு உள்ளங்காலில் ஏறிக்கொண்டே இருக்கும். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாய் வந்த ஆசிரியை நான். குடையைக் கக்கத்தில் இடுக்கி, கைப்பிடி மரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நண்டு மாதிரி நடப்பேன். பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

வண்டில்காரர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முன்வண்டில் கடந்ததும், அடுத்தவர் இறங்கிக் கைப்பிடி மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். அதிர்வு அடங்கினால்தான் மாட்டை முடுக்குவார். வெல்லாவெளிப் பக்கத்து வயல்வட்டைகளிலிருந்து நெல் ஏற்றி வருகிற என் அண்ணன், அப்படி நிற்கும்போதுதான் சுருட்டுப் பற்றவைப்பான்.

ஒரு மாரியில் வெள்ளம் பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வடிந்த பிறகு பார்த்தால் அதிர்வைக் காணோம். வண்டில் ஏறினால் பாலம் ஒரு தரம் சோம்பலாய் அசையும், உடனே அடங்கிவிடும். சட்டியைச் சுண்டிப் பார்த்து, சத்தம் செத்ததை ஒதுக்கிவைக்கிற ஊர் எங்களுடையது. பாலம் செத்ததற்குச் சந்தோஷப்பட்டோம். நான் நிமிர்ந்து, குடையும் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பாலத்துக்குப் பொறுப்பான ஓவசியருக்கு எங்களைவிடச் சந்தோஷம். வெள்ளம் வடிந்ததும் நாலு ஆணி அறைந்து தார் பூசியவர், தன் வேலையால்தான் பாலம் திருந்தியது என்று சொல்லித் திரிந்தார். ஒருநாள் அண்ணன் பழக்கத்தில் கை வைத்து நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். "இனி என்னத்துக்கு நிக்கிறாய்? பாலம் இறுகிட்டு. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு போங்க" என்றார் ஓவசியர்.

"ஓம் ஐயா" என்றான் அண்ணன். அவன் உள்ளங்கைக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அறுவடை நெல்லோடு வண்டில்கள் வரிசையாய்ப் போன ஒரு காலையில் நடுப்பாலம் உட்கார்ந்துவிட்டது. முன்வண்டில் தப்பியது. அண்ணனுடையது வாவிக்குள் போனது. நுகத்தில் பூட்டிய மாடுகளைக் காப்பாற்ற முடியவில்லை. அண்ணனை இழுத்தெடுத்தார்கள், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. கரையில் இழுத்துப் போட்ட பாலத்து உத்தரங்களில் நீளநீளமாய் வெடிப்பு, வெடிப்புக்குள்ளே மாரிவெள்ளத்துச் சேறு. பாலம் அசையும்போதெல்லாம் அந்த வெடிப்புகள் உள்ளுக்குள் உரசி அதிர்வை விழுங்கியிருக்கின்றன. அதைத்தான் நாங்கள் இறுக்கம் என்று நம்பியிருந்தோம்.

ஓவசியர் வந்தார். கிடந்தவனைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆரு உங்கள ஒண்டுக்குப் பின்னால ஒண்டு போகச் சொன்ன? நிண்டு போறதுதானே வழக்கம்."

பாவி மனுஷன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாயை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது அங்கே கொங்கிறீட் பாலம். லொறிகள் நிற்காமல் பறக்கின்றன. வண்டில்கள் போய்விட்டன, அண்ணனும் போய்விட்டான். எழும்ப முடியாமல் கிடந்த காலமெல்லாம், வாசலால் ஒரு வண்டில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, பாய்க்கு வெளியே கையை நீட்டித் தரையில் உள்ளங்கையை வைப்பான். அடங்கும்வரை எடுக்கமாட்டான்.