மூக்கக்காவின் தொட்டி

காய்கறி நறுக்கிப் பையில் அடைத்து விற்கும் அந்தக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கக்கா என்றால்தான் தெரியும். புருஷன் போனபின் சேர்ந்த வேலை. அதில்தான் மகளை வளர்த்து ஆளாக்கினாள். நறுக்கிய கேரட்டும் கோஸும் குளோரின் கலந்த குளிர்நீரில் முங்கி எழுந்துதான் பைக்குள் போக வேண்டும். தண்ணீரில் மருந்து போதுமா என்று பார்க்கச் சோதனைத்தாள் இருந்தது, மருந்து போதுமானால் நனைத்ததும் ஊதாவாகும். மூக்கக்கா அதைத் தொடவே மாட்டாள். தொட்டிமேல் குனிந்து ஓர் இழுப்பு. "காரமா இருக்கு, காயைக் கொட்டு" என்பாள். அவ்வளவுதான். எதற்கெடுத்தாலும் எகிறுகிற சூப்பர்வைசரே அவள் மூக்குக்கு முன்னால் வாயை மூடிக்கொள்வார்.

அவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பிள்ளைத்தாச்சி மகளுக்கு எதைத் தின்றாலும் வாந்தி; குளிர்ந்த வெள்ளரியும் கேரட்டும் மட்டுமே உள்ளே தங்கின. தன் தொட்டியில் கழுவி அடைத்த பைகளையே மூக்கக்கா அவளுக்குக் கொண்டுபோனாள். வெளியே விற்பதை எவள் நம்புவாள்?

அன்று மதியம் சோதனைக்கூடத்துப் பெண் வந்தாள். தண்ணீரின் நெடி மூக்கைத் துளைத்தது. அவள் தாளை நனைத்தாள். வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்றை நனைத்தாள். அதுவும் வெள்ளை.

"தாள் கெட்டுப்போச்சு போல" என்றாள் மூக்கக்கா.

"இல்லக்கா. மருந்து அழுக்கோட சேர்ந்து வீணாப்போனாத்தான் இப்படி நெடி தூக்கும். நல்ல தண்ணியில இவ்வளவு வராது. இதுல முக்கினா ஒரு காய்ல இருக்கிற கிருமி எல்லாக் காய்க்கும் போயிடும்."

"குளிர்ல வச்சா செத்துடாதா?"

"சிலது சாகாது. குளிர்லயே மெதுவா வளரும். பாத்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. நம்மள விட்டாலும் விட்டுடும். புள்ளத்தாச்சிங்களத்தான்..." அவள் முடிக்கவில்லை. மூக்கக்காவின் முகம் அப்படி ஆகிவிட்டது.

குளிரறையில் பைகள் அடுக்கடுக்காக மின்னின. அழுகல் இல்லை, புழு இல்லை, எல்லாம் பச்சைப்பசேல் என்று இருந்தன. பயப்படக் கண்ணுக்கு ஏதாவது தெரிந்தால்கூடத் தேவலை. பைகளுக்குள் ஏதோ மூச்சுவிடுவதுபோல் அவளுக்குப் பட்டது. எப்போதும் பாட்டை முணுமுணுத்தபடியே அங்கே நடமாடுகிறவள், ஓசைப்படாமல் வெளியே வந்து, அடுத்த தெருவிலிருந்த மகள் வீட்டுக்கு ஓடினாள்.

மகள் படுத்திருந்தாள். ஃபிரிட்ஜில் ஒரு பைகூட இல்லை.

"எல்லாத்தையும் தின்னுட்டியா?"

"நீ கழுவினதுதானேம்மா" என்று மகள் சிரித்தாள். "உடம்புதான் லேசா வலிக்குது."

நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. ஆனால் காலையிலிருந்து பனித்தண்ணீரில் கிடந்த கை அது. எதைத் தொட்டாலும் அவளுக்குச் சுடும். தன் கழுத்தைத் தொட்டாள். அதுவும் கொதித்தது. சுவரைத் தொட்டாள். சுவரும் சுட்டது. பெற்ற மகளுக்குக் காய்ச்சலா இல்லையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மாப்பிள்ளை! நீங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

"எல்லாத்துக்கும் உங்களுக்குப் பயந்தான் அத்தை" என்று சிரித்துக்கொண்டே வந்தவன் மனைவியின் நெற்றியில் கை வைத்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

"செருப்ப மாட்டுங்க அத்தை. நான் வண்டி கூப்பிடுறேன்."