அம்மாவிடம் மறைத்த தொண்டை

முதல் அறிகுறி சேட்டின் மேல்பொத்தான். ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டபோது அது பூட்ட மறுத்தது. ஐம்பதைத் தாண்டியவனின் கழுத்து பருக்க, கனடாவின் ஸ்காபரோவில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நான் மட்டன் ரோல்ஸைச் சந்தேகித்தேன். என் மனைவி வதனி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ரோல்ஸ் எண்டால் ரெண்டு பக்கமும் எல்லோ வீங்கவேணும்? இது இடப்பக்கம் மட்டும். நாளைக்கே டொக்டரிட்டைப் போறம்.”

பயொப்சி (ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். தைரொயிட் சுரப்பியில் (கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சிபோல ஒட்டியிருப்பது) புற்றுநோய். சத்திர சிகிச்சை நிபுணர் மிகவும் கனிவானவர். “புற்றுநோய்களில் இது நல்ல வகை” என்றார். வதனி என் காதருகே, “நல்லதெண்டால் அவரே வைச்சிருக்கட்டும்” என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வீடு திரும்பும் வழியில் எடுத்த முதல் முடிவு சிகிச்சை பற்றியதல்ல. அம்மாவுக்குச் சொல்வதில்லை என்பது. அப்பா போனபின் அம்மா, “கண்ட குளிர் போதும்” என்று மட்டக்களப்புக்குத் திரும்பி, அக்காவோடு இருக்கிறார். ஞாயிறுதோறும் காலையில் நான் தொலைபேசியில் அழைக்கவேண்டும். நம்மவர் குடும்பங்களில் நோய் வந்தால் மருத்துவரைத் தேடுமுன் யாரிடம் மறைப்பது என்று ஒரு பட்டியல் தயாராகும். பட்டியலில் அம்மாவுக்கு எப்போதும் முதலிடம். அக்காவும் உடன்பட்டாள். ஒரு ஞாயிறு தவறினால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்பது கணக்கு.

கணக்குப் பிழைத்தது. கட்டியை முழுமையாக எடுத்துவிட்டார்கள். ஆனால் விழித்தெழுந்து தண்ணீர் கேட்டேன், காற்றுத்தான் வந்தது. இடப்பக்கக் குரல்நாண் (குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகளில் ஒன்று) அசையவில்லை. அதற்குப் போகும் நரம்பு, கட்டியை எடுக்கும்போது இழுபட்டுக் களைத்துவிட்டதாம்.

“திரும்பி வருமா?” என்று நிபுணரிடம் கடதாசியில் எழுதிக் கேட்டேன்.

“பலருக்கு வருகிறது. ஒரு வருடம் பார்ப்போம். அதற்குள் வந்ததுதான் வந்தது.”

புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பது என் தொழில். விடுப்பில் வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் பிரான்ஸ் நினைவுக்கு வந்தது.

கனடாவில் பிரெஞ்சு படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்று அப்பா நம்பினார். கிடைத்தது, இருபத்திரண்டு வயதில், பிரான்சின் வடக்கே ஒரு மழை ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில உதவியாளர் வேலை. வாரம் பன்னிரண்டு மணித்தியாலம். ஆசிரியர் இலக்கணம் சொல்வார், உதவியாளன் உயிருள்ள ஒலிப்பதிவு நாடாபோல வந்து பேசவேண்டும். கனடாவிலிருந்து வருகிறான் என்றதும் மாணவர்கள் பொன்னிற முடியும் பனிச்சறுக்குக் கட்டையுமாக ஒருவனை எதிர்பார்த்திருந்தார்கள். நான் உள்ளே போனதும், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்கள்.

ஆங்கிலப் பகுதித் தலைவி முதல் நாளே கட்டளையிட்டார்: “உனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது மாணவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒருவரும் ஆங்கிலத்தில் வாய் திறக்கமாட்டார்கள்.”

எட்டு மாதம் பிரெஞ்சில் ஊமையாக நடித்தேன். என் முன்னாலேயே என்னைப் பற்றிப் பேசினார்கள். “பாவம், இவருக்கு ஒரே ஒரு களிசான்தான் போலிருக்கிறது” என்று ஒரு மாணவி பெருமூச்செறிந்தாள். உண்மை. மறுக்கவும் முடியாது, முகம் சிவக்கவும் கூடாது. சனிக்கிழமை இன்னொரு காற்சட்டை வாங்கினேன். திங்கட்கிழமை வகுப்பே நிம்மதியடைந்தது.

பள்ளி விடுதியின் மேல்மாடியில் ஓர் அறை, ஒற்றை மின் அடுப்பு. அம்மா ஸ்காபரோவிலிருந்து அனுப்பிய கறித்தூளில் முட்டைக் குழம்பு வைத்தால் மணம் மூன்று மாடி இறங்கும். காவலாளி மூக்கை உறிஞ்சியபடி, “இன்றைக்கு ஞாயிறுதானே?” என்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் கடை, கபே எல்லாம் பூட்டு. திறந்திருந்தவை தேவாலயமும் நகரசபைக்கு முன்னாலிருந்த தொலைபேசிக் கூண்டும்தான். நான் கூண்டுக்குப் போவேன். எட்டு மாதத்தில் தமிழ் பேசக் கிடைத்த இடம் அது ஒன்றே. கண்ணாடியில் மழை வழிய, தொலைபேசி அட்டையில் காசு தீரும்வரை அம்மாவோடு கதைப்பேன். “சாப்பிட்டீங்களா அம்மா?” என்று தொடங்குவேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம் அங்கேதான் பிறந்தது. தனிமை என்று அப்போது அலுத்துக்கொண்ட அந்த வருடத்தை, இன்றைக்கு யாராவது தந்தால் இரண்டு கையாலும் வாங்குவேன்.

இப்போது மறுபடியும் ஊமை, இம்முறை நடிப்பில்லை. பார்க்க வருகிறவர்களுக்காக மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்திருந்தேன். பக்கத்து ஊர் அஜக்ஸிலிருந்து திராட்சைப் பையோடு வந்த கனகு அண்ணை என் பழைய நண்பர். ‘சுகம், அண்ணை’ என்று எழுதிக் காட்டினேன். அவர் பேனையைப் பறித்து, அதற்குக் கீழே, ‘வலி இருக்கோ?’ என்று எழுதினார்.

வதனி தேநீரோடு வந்தாள். “கனகு அண்ணை, அவருக்குக் காது கேக்கும்!”

“ஓ, ஓம் என்ன,” என்றார் அண்ணை, அதையும் கிசுகிசுத்தபடி.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: கிசுகிசுக்காதீர்கள். அது தொண்டைக்கு ஓய்வு என்று நானும் நினைத்தேன், முதல் மூன்று வாரத்தை வீணாக்கினேன். பேச்சுச் சிகிச்சையாளர் இங்கே பிறந்த தமிழ்ப் பெண். கண்டதும் கையை உயர்த்தினாள். “அங்கிள், நோ விஸ்பரிங்! அதுதான் வேர்ஸ்ட். ஒண்டில் குரலில கதையுங்கோ, இல்லாட்டி சும்மா இருங்கோ.”

தண்ணீர்க் குவளையில் குழாய் வைத்துக் குமிழி விட்டபடி முனகுவது முதற்பயிற்சி. இருபத்திரண்டு வயதில் ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு உச்சரிப்புக் காட்டியவன், முப்பது வருடத்துக்குப்பின் குவளையில் புளுக்குப் புளுக்கு என்றேன். “ஒரு கோல் (இலக்கு) வேணும் அங்கிள். கட்டாயம் சொல்லவேண்டிய ஒரு வசனம் எழுதுங்கோ” என்றாள். யோசிக்கவில்லை. ‘அம்மா, சாப்பிட்டீங்களா?’ என்று எழுதினேன். அவள் அதைத் தன் கோப்பில் குறித்துக்கொண்டாள். “ஓகே. இதுதான் எங்கட எக்சாம்” என்றாள்.

மட்டக்களப்பில் பொய்கள் தேயத் தொடங்கியிருந்தன. முதலில் சளி, தடிமன். பிறகு ஞாயிறிலும் வேலை. நான் தட்டி அனுப்பும் செய்திகளை அக்கா வாசித்துக் காட்டுவாள். அம்மா வதனியிடம் கேட்டாராம்: “அவன்ட கை நல்லாத்தானே எழுதுது மகள், வாய்க்கு என்ன வந்த?” வதனி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இனி என்னாலை ஏலாது. மாமி சாப்பிடுறதும் குறைவாம்.”

மறைத்தது அவர் நலனுக்காக என்றிருந்தேன். அன்றைக்கு அது பொய்த்தது.

அடுத்த ஞாயிறு, இலக்கம் அழுத்தினேன். நரம்பு பாதிதான் விழித்திருந்தது. கரகரப்பாக, மூச்சுக்கு ஐந்தாறு சொல் வரும். மூச்சைப் பிடித்துச் சொன்னேன்: “அம்மா, சாப்பிட்டீங்களா?”

“ஓம் தம்பி, சாப்பிட்ட. நீங்க ஆரு கதைக்கிற? மகன் வீட்ட இல்லயா?”

நீங்க. என்னைப் பெற்றவர் எனக்கு மரியாதை தந்தார்.

நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்: “அவன் வந்தா, அம்மா தேடின எண்டு சொல்லுங்க. வேலயெண்டாலும் ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்க, என்ன?”

“அம்மா, நான்தான்.”

மறுபக்கம் அம்மா மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

சொன்னேன். ஐந்து சொல், மூச்சு, ஐந்து சொல், மூச்சு. முன்பென்றால் பகிடியும் சிரிப்புமாகப் பத்து நிமிடத்தில் முடித்திருப்பேன். இப்போது பகிடிக்கு மூச்சில்லை. அம்மா அழவில்லை. முடிந்ததும் கேட்டார்:

“எத்தின நாளா இப்பிடி?”

“நாலு மாசம்.”

“மாசக் கணக்கு எனக்கு வேணாம். எத்தின ஞாயிறு?”

விரல் விட்டு எண்ணினேன். “பதினாறு.”

“பதினாறு,” என்றார் அம்மா. பிறகு, “இன்னும் கொஞ்சம் கதை மனே. என்னெண்டாலும் சொல்லு. இந்தக் குரல் எனக்குப் பழகவேணும்.”

வெளியே பனி பெய்வதைச் சொன்னேன். மதியம் என்ன கறி என்று சொன்னேன். மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் அவர் காத்திருந்தார்.